திட்டம் முடிந்தாலும் சங்கம் நிற்க வேண்டும்: புதிய பொறுப்பாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

சுறுசுறுப்பாக ஓடிக்கொண்டிருக்கும் சங்கம்தான் பல சமயம் திடீரென்று நின்றுபோகிறது. பிரத்தியேக வகுப்பு, மருத்துவ முகாம், தீபாவளிக்கு உதவிப் பொருள் என்று ஒரே ஆண்டில் மூன்று திட்டங்கள் நடக்கும். நாளிதழில் படமும் வரும். மானியம் தீர்ந்த மறுமாதம் ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க வழியிருக்காது. அவர் வேறு வேலைக்குப் போவார். வருகைப் பதிவும் பெற்றோரின் தொலைபேசி எண்களும் அவருடைய கைப்பேசியோடு போய்விடும். ஆறு மாதம் கழித்து அதே மானியத்துக்கு மறுபடி விண்ணப்பிக்க உட்கார்ந்தால், சென்ற முறை என்ன பலன் கிடைத்தது என்று எழுத ஒரு காகிதம்கூடக் கையில் இருக்காது.

வெளியிலிருந்து பார்த்தால் இது பணத் தட்டுப்பாடு. உள்ளே போய்ப் பார்த்தால், திட்டத்தை நடத்திய முறையில்தான் கோளாறு இருக்கும். ஒவ்வொரு திட்டமும் சங்கத்தின் பொதுச் செலவில் தன் பங்கைக் கட்ட வேண்டும். முடியும்போது ஒழுங்கான ஆவணத்தையும் வேலை பழகிய ஆளையும் விட்டுச் செல்ல வேண்டும். அப்படி நடத்தினால் ஐந்தாவது திட்டத்தின்போது சங்கம் முதல் திட்டத்தின்போது இருந்ததைவிட வலுவாக இருக்கும்.

கோலாலம்பூரிலோ பினாங்கிலோ ஒரு சிறிய சங்கத்தின் செயலவைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறோம். கணக்கு புரிவதற்காக ஒரே எடுத்துக்காட்டைக் கடைசிவரை வைத்துக்கொள்வோம்: செந்தூல் அடுக்குமாடிப் பகுதியில், இரண்டாம் ஆண்டு முதல் நான்காம் ஆண்டு வரை படிக்கும் 40 தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு, 10 மாதம், சனிக்கிழமைதோறும் வாசிப்பு வகுப்பு. பட்டர்வொர்த்திலோ பிறையிலோ நடத்தினாலும் முறை இதேதான். வாடகையும் சம்பளமும் மட்டும் மாறும்.

முதலில், சங்கம் சும்மா இருந்தாலே எவ்வளவு செலவு?

திட்டத்தைப் பற்றி யோசிக்கும் முன் இந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள். எந்தத் திட்டமும் நடக்காவிட்டாலும் ஓராண்டுக்குச் சங்கம் உயிரோடிருக்க ஆகும் செலவு அது. பொருள் வைக்கும் அறை மாதம் 500 ரிங்கிட் என்றால் ஆண்டுக்கு 6,000. கணக்குத் தணிக்கையும் கணக்கறிக்கையும் 3,000. தொலைபேசி, இணையம் 1,800. பகுதி நேரக் கணக்கர் மாதம் 900 வீதம் 10,800. மொத்தம் 21,600 ரிங்கிட்.

இதோடு சட்டக் கடமைகளையும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ்ப் பதிவான சங்கம், ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்த 60 நாளுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் ஊழியர் சேமநிதிச் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். தெருவிலோ வீடு வீடாகவோ உண்டியல் வசூல் செய்வதற்குக் காவல்துறை அனுமதி தேவை. அதற்கென்றே 1947ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்க வேண்டுமானால், 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் அங்கீகாரம் பெற வேண்டும். ஆண்டறிக்கை இரண்டு ஆண்டு நிலுவையில் கிடக்கும் சங்கத்தின் விண்ணப்பம், திட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அறவாரியங்களின் முதல் சல்லடையிலேயே விழுந்துவிடும். பொதுச் செலவு என்று நாம் அலட்சியமாகச் சொல்வது இந்த வேலைகளுக்கு ஆகும் செலவைத்தான்.

திட்டத்தை ஒரே தாளில் எழுதுங்கள்

தர்க்கச் சட்டகம் என்று ஒரு கருவி உண்டு. 1969இல் அமெரிக்க வெளிநாட்டு உதவி நிறுவனமான யூ.எஸ்.எய்டுக்காக உருவானது, இன்றும் மானியம் கொடுப்பவர்களில் பலர் ஏதோ ஒரு வடிவில் இதையே கேட்கிறார்கள். நான்கு வரிசை, நான்கு பத்தி (நெடுவரிசை). வரிசைகளைக் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும்: என்ன செய்கிறோம், அதனால் கையில் என்ன கிடைக்கிறது, அதனால் என்ன மாறுகிறது, அந்த மாற்றம் எந்தப் பெரிய நோக்கத்துக்கு உதவுகிறது. பத்திகள் நான்கில் முதலாவதில் இந்த விவரம், இரண்டாவதில் அதை அளக்கும் அளவுகோல், மூன்றாவதில் அதற்குச் சான்று, நான்காவதில் நாம் நம்பிக்கொண்டிருக்கும் அனுமானம்.

புதியவர்கள் வழுக்கி விழும் இடம் இரண்டாவது வரிசையும் மூன்றாவது வரிசையும். “40 பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள்” என்பது கையில் கிடைத்தது. இதில் மாற்றம் எதுவும் இல்லை. “தொடக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளைகளில் 28 பேர் 60 சொல் கொண்ட வாசிப்புப் பகுதியை ஐந்து பிழைக்குள் வாசிக்கிறார்கள்” என்பது மாற்றம். இதை எழுத வேண்டுமானால் முதல் சனிக்கிழமையே ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து அதே தரத்துப் பகுதியை வாசிக்கச் சொல்லிப் பிழையை எண்ணி எழுதியிருக்க வேண்டும். அந்த முதல் அளவு தவறிப்போனால் பிறகு அதை எந்த விதத்திலும் ஈடுகட்ட முடியாது. பத்தாவது மாதத்தில் எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக அறிக்கை எழுதினாலும், பிள்ளைகள் எங்கிருந்து புறப்பட்டார்கள் என்று காட்ட வழியில்லாமல் போய்விடும்.

நான்காவது பத்தியைப் பெரும்பாலோர் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். திட்டங்கள் உடைவதோ அந்தப் பத்தியில்தான். “சனிக்கிழமை காலை பெற்றோர் பிள்ளையை அழைத்துவருவார்கள்” என்று நாம் நம்புகிறோம். தொழிற்சாலையில் முறை வேலை செய்யும் அம்மா அப்பாவுக்குச் சனிக்கிழமை ஓய்வு நாளாக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு அனுமானத்தையும் எழுதிவிட்டு, “இது பொய்யானால்?” என்று ஒரு முறை கேளுங்கள். விடை “திட்டமே நின்றுபோகும்” என்றால், விண்ணப்பம் அனுப்பும் முன் பத்து வீடுகளுக்கு நேரில் போய் விசாரித்துவிடுங்கள்.

எந்த முறை எதற்கு?

மேலாண்மைப் படிப்பு படித்தவர் ஒருவர் செயலவையில் இருந்தால் ‘அஜைல்’ (சிறு சுற்றுகளாகத் திட்டமிட்டு, வழியில் மாற்றிக்கொண்டே போகும் முறை) என்பார். பொறியாளர் இருந்தால் ‘காண்ட் அட்டவணை’ (ஒவ்வொரு வேலையையும் தேதிக்கு நேரே கோடாக வரைந்து காட்டும் அட்டவணை) என்பார். இருவர் சொல்வதும் சரிதான், வேறு வேறு வேலைகளுக்கு.

தேதி உறுதியாகி, செய்ய வேண்டியதும் தெளிவாகத் தெரிந்த வேலை என்றால் படிப்படியாகப் போகும் பழைய முறையே போதும். இரத்த தான முகாம், பரிசளிப்பு விழா, பள்ளி நூலகத்துக்கு அலமாரி அமைப்பது எல்லாம் இந்த வகை. நிகழ்ச்சி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி ஒவ்வொரு வேலைக்கும் கோடு போட்டு, எது முடிந்தால் எது தொடங்கலாம் என்று பாருங்கள்.

வாசிப்பு வகுப்பு அப்படிப்பட்டதல்ல. ஆறாவது வாரத்தில்தான் பாதிப் பிள்ளைகளுக்கு உயிர்மெய் எழுத்திலேயே தடுமாற்றம் என்று தெரியவரும். விடுமுறை போக மிஞ்சும் 36 வாரப் பாடத்தையும் முன்கூட்டியே எழுதிவைத்தால், அதைக் கிழித்துப்போட மனம் வராமல் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுவீர்கள். ஆகவே ஆறு வாரத்துக்கு மட்டும் விரிவாகத் திட்டமிடுங்கள். ஆறாவது வார முடிவில் ஆசிரியர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து அடுத்த ஆறு வாரத்தை எழுதுங்கள். 36 வாரத்துக்கு இப்படி ஆறு சுற்று. வெளிச்சட்டமான தேதி, தொகை, அறிக்கை நாள் ஆகியவை அசையக்கூடாது. உள்ளே பாடம் மட்டும் வளையலாம். சிறு சங்கங்களுக்கு இந்தக் கலப்பு முறைதான் பொருந்தும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

வரவு செலவு: 20,010 ரிங்கிட் எங்கே காணாமல் போகிறது

புதியவர்கள் போடும் கணக்கு இப்படி இருக்கும். ஆண்டுத் தொடக்கத்தையும் விடுமுறைகளையும் கழித்தால் 10 மாதத்தில் 36 சனிக்கிழமை. மூன்று ஆசிரியர்கள், தலைக்கு 80 ரிங்கிட்: 8,640. காலைச் சிற்றுண்டி பிள்ளைக்கு 4 ரிங்கிட்: 5,760. புத்தகமும் அச்சுத்தாளும் பிள்ளைக்கு 60: 2,400. மண்டப வாடகை நாளுக்கு 50: 1,800. கூட்டினால் 18,600. இதையே விண்ணப்பத்தில் எழுதுவார்கள். குறைவாகக் கேட்டால் கிடைத்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

இந்தக் கணக்கில் வகுப்பை நடத்தும் ஆளே இல்லை. பெற்றோருக்குத் தொலைபேசியில் பேசுபவர், ஆசிரியர் வராத நாளில் மாற்று ஆள் தேடுபவர், ரசீது சேர்ப்பவர் எல்லாம் யார்? பகுதி நேர ஒருங்கிணைப்பாளருக்கு மாதம் 1,200 என்றால் 10 மாதத்துக்கு 12,000. மாதம் 5,000 ரிங்கிட்டும் அதற்குக் கீழும் சம்பளம் வாங்குபவருக்கு முதலாளியின் சேமநிதிப் பங்கு 13 விழுக்காடு. சொக்சோவுக்கும் வேலைக் காப்புறுதிக்கும் ஏறத்தாழ இரண்டு விழுக்காடு. ஆக 15 விழுக்காடு, 1,800 ரிங்கிட். பிறகு தொடக்கத்திலும் முடிவிலும் வாசிப்புச் சோதனை நடத்த 600. இதுவரை 33,000.

இனி சங்கத்தின் பொதுச் செலவு. ஆண்டுக்கு 21,600 என்று முதலில் கண்டோம். மூன்று திட்டங்களின் நேரடிச் செலவும் சேர்ந்து 180,000 என்று வைத்துக்கொண்டால், 21,600-ஐ 180,000-ஆல் வகுக்க 12 விழுக்காடு வரும். அந்த விகிதத்தில் இந்தத் திட்டத்தின் பங்கு 3,960. எதிர்பாராச் செலவுக்கு 5 விழுக்காடு, 1,650. உண்மையான மொத்தம் 38,610 ரிங்கிட்.

இரண்டு கணக்குக்கும் இடையே 20,010 ரிங்கிட் வித்தியாசம். விண்ணப்பத்தில் கேட்காததால் அந்தச் செலவு இல்லாமல் போய்விடாது. தலைவர் தம் பையிலிருந்து போடுவார், செயலாளரின் மனைவி சம்பளமில்லாமல் ஒருங்கிணைப்பாளர் வேலையைச் செய்வார், தணிக்கைக் கட்டணம் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகும். இரண்டு ஆண்டு இப்படி ஓட்டலாம். மூன்றாம் ஆண்டு ஆட்கள் களைத்துப்போவார்கள். தன்னார்வலர்களின் களைப்பு வரவு செலவில் தெரியாது. அடுத்த பொதுக்கூட்டத்தில் பதவிக்கு நிற்க யாரும் முன்வராதபோது தெரியும்.

பொதுச் செலவுக்குப் பணம் தரமாட்டோம் என்று சில மானியதாரர்கள் சொல்வது உண்மைதான். அப்போது அந்த 12 விழுக்காட்டை ஒரே வரியாக எழுதாமல், திட்டத்துக்கு நேரடியாகச் சேரும் பங்காகப் பிரித்து எழுதுங்கள்: கணக்கரின் நேரத்தில் இத்தனை மணி, பொருளறை வாடகையில் இத்தனை பங்கு. கணக்கு நேர்மையானதாகவும் கேட்டால் காட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஒரே மணி நேரத்தை இரண்டு மானியங்களில் எழுதினால் அது ஏமாற்று. தணிக்கையில் பிடிபட்டால் சங்கத்தின் பெயரே போய்விடும். அதற்கும் இடம் தராத மானியம் என்றால், மீதிக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று செயலவைக் கூட்டக் குறிப்பில் எழுதிவிட்டு ஏற்றுக்கொள்ளுங்கள். எழுத முடியாவிட்டால் மறுத்துவிடுங்கள். மறுப்பது கடினம்தான். ஆனாலும் பிள்ளைகளை நான்கு மாதம் வரவழைத்துப் பாதியில் நிறுத்துவதைவிட அது மேல்.

பணம் வரும் நாள், பணம் போகும் நாள்

மானியம் ஒரே தவணையில் வருவது அரிது. 50, 30, 20 விழுக்காடு என்று மூன்று தவணையாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணை 19,305. மாதச் செலவு சராசரியாக 3,861. சரியாக ஐந்து மாதத்தில் கை காலியாகும். இரண்டாம் தவணை கேட்க ஐந்து மாதக் கணக்கும் இடைக்கால அறிக்கையும் அனுப்ப வேண்டும். அதை எழுத இரண்டு வாரம், அவர்கள் பார்க்க ஒரு மாதம், வங்கியில் ஏற இன்னும் இரண்டு வாரம். ஆக ஆறாம் மாதமும் ஏழாம் மாதமும் சங்கம் தன் பணத்தில் ஓட்ட வேண்டும்: 7,722 ரிங்கிட். கடைசி 20 விழுக்காடும் அதே 7,722தான். இறுதி அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே அது வரும், ஆனால் செலவெல்லாம் அதற்கு முன்பே நடந்திருக்கும்.

ஆகவே இரண்டு வேலை செய்யுங்கள். ஐந்தாம் மாதம் முடியும்வரை காத்திராமல் நான்காம் மாத முடிவிலேயே இடைக்கால அறிக்கை எழுதத் தொடங்கலாமா என்று ஒப்பந்தம் போடும்போதே கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். இன்னொன்று, கையிருப்பு. மூன்று மாதப் பொதுச் செலவாவது, நம் கணக்கில் 5,400 ரிங்கிட், எந்தத் திட்டத்துக்கும் சேராத பணமாக வங்கியில் இருக்க வேண்டும் என்பது முதல் இலக்கு. மேலே கண்ட 7,722 இடைவெளிக்கு அது போதாது என்பதால், ஆறு மாதத்துக்கு உயர்த்துவது இரண்டாவது இலக்கு.

இந்தக் கையிருப்பை மானியத்திலிருந்து சேர்க்க முடியாது. அந்தப் பணம் திட்டத்துக்கு உரியது. மாதாமாதம் சிறு தொகை தரும் அன்பர்கள்தான் வழி. 30 பேர், தலைக்கு 30 ரிங்கிட், வங்கியின் தானியங்கிக் கட்டளை வழியாக: மாதம் 900, ஆண்டுக்கு 10,800. பொதுச் செலவில் சரிபாதி. பெரிய விருந்து வைத்து ஒரே இரவில் 30,000 திரட்டுவதைவிட இது மெதுவானது, ஆனால் எதிர்பார்த்து நம்பக்கூடியது. அந்த 30 பேருக்கும் மூன்று மாதத்துக்கொரு முறை ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். கேட்கும்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் இரண்டாம் ஆண்டு பாதிப் பேர்தான் மிஞ்சுவார்கள்.

நாட்காட்டி

அட்டவணை போடும் முன் இந்த ஊரின் நாட்களைக் குறியுங்கள். தைப்பூசத்துக்கு முன்னும் பின்னும் ஒரு வாரம் தன்னார்வலர் கிடைக்கமாட்டார்கள். கோலாலம்பூரில் பத்துமலை, பினாங்கில் தண்ணீர்மலை, எல்லாரும் ஏதோ ஒரு பந்தலில் நிற்பார்கள். நோன்பு மாதம் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே நகர்கிறது; சென்ற ஆண்டு அட்டவணையை அப்படியே எடுத்தால் அரசு அலுவலகச் சந்திப்புகள் தவறான வாரத்தில் வந்து விழும். தீபாவளிக்கு முந்தைய இரு வாரமும் பள்ளித் தவணை விடுமுறையும் வருகையைக் குறைக்கும். இவற்றைக் கழித்துத்தான் 36 சனிக்கிழமை என்று எண்ணினோம். 43 என்று எழுதிக்கொடுத்துவிட்டு 36 நடத்தினால், எழுத்தில் அது குறைபாடு.

யார் பொறுப்பு

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு கேள்வி: யார் செய்வார், யார் பதில் சொல்வார், யாரைக் கலந்துகொள்ள வேண்டும், யாருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டாவது கட்டத்தில் ஒரே ஒரு பெயர் இருக்க வேண்டும். “செயலவை” என்று எழுதினால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள். எல்லாக் கட்டத்திலும் தலைவர் பெயரே வந்தால், அவர் மருத்துவமனையில் படுத்த வாரம் சங்கமும் படுத்துவிடும். அட்டவணையை நிரப்பிய பிறகு ஒருவர் பெயரை மூடிவிட்டுப் படித்துப் பாருங்கள். எத்தனை வேலை அநாதையாகிறதோ அத்தனைக்கும் இரண்டாவது ஆளைப் பழக்க வேண்டும்.

கோப்புகள் சங்கத்தின் மின்னஞ்சல் கணக்கில் இருக்கட்டும். யாருடைய சொந்தக் கணக்கிலும் வேண்டாம். கடவுச்சொல் இருவருக்குத் தெரிய வேண்டும். காசோலைக்கு இரண்டு கையெழுத்து. ஒருவர் பதவி விலகினால் வங்கிக் கையொப்பத்தை மாற்ற வாரக்கணக்கில் ஆகலாம், ஆகவே பொதுக்கூட்டம் முடிந்த வாரமே அந்த வேலையைத் தொடங்குங்கள்.

நடக்கும்போது: பலகையும் சனிக்கிழமைக் கணக்கும்

ஒரு வெள்ளைப் பலகை, மூன்று பத்தி: செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது. ஒரு வேலைக்கு ஓர் ஒட்டுத்தாள், அதில் ஒரு பெயர், ஒரு தேதி. தொயோத்தா தொழிற்சாலையில் பிறந்த கன்பான் முறையின் எளிய வடிவம் இது. அதன் உயிர் ஒரே விதியில் இருக்கிறது: நடுப் பத்தியில் ஒருவர் பெயரில் மூன்று தாளுக்கு மேல் ஒட்டக்கூடாது. நான்காவதை ஒட்ட வேண்டுமானால் ஒன்றை முடிக்க வேண்டும், அல்லது வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும். இந்த விதியை விட்டுவிட்டால் இரண்டே வாரத்தில் நடுப் பத்தி பிதுங்கும், பலகையை யாரும் நிமிர்ந்து பார்க்கமாட்டார்கள். மென்பொருளுக்குப் பணம் கட்ட வேண்டாம். மூன்று திட்டம் ஒன்றாக ஓடும் நாளில் யோசிக்கலாம்.

வாரத்துக்கு அரை மணி நேரம் பலகை முன் நின்றபடி கூடுங்கள். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பேசிக்கொண்டால் போதும் என்று நினைக்காதீர்கள். அங்கே எடுத்த முடிவு காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். மூன்று மாதம் கழித்துத் தணிக்கையாளர் கேட்கும்போது எடுக்க முடியாது. முடிவு எதுவானாலும் ஒரு குறிப்பேட்டில் தேதியோடு ஒரு வரி.

செலவைத் திட்டமிட்ட தொகையோடு மாதந்தோறும் ஒப்பிட வேண்டும். எந்த வரியிலாவது 10 விழுக்காட்டுக்கு மேல் விலகல் இருந்தால் காரணம் எழுத வேண்டும். சிற்றுண்டியை எடுத்துக்கொள்வோம். 14 வாரம் ஆகியிருக்கிறது, திட்டப்படி 2,240 ரிங்கிட். ரசீதுகளைக் கூட்டினால் 2,912. 672 கூடுதல், 30 விழுக்காடு. பொருளாளரின் முதல் எண்ணம் கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டார் என்பதாக இருக்கும். ரசீதில் பொட்டல எண்ணிக்கையைப் பாருங்கள்: வாரம் 52. பதிவில் 40 பிள்ளைகள்தான். மீதி 12 பேர் யார்? வாசலில் நின்று பார்த்தால் தெரியும். மூன்றாம் ஆண்டுப் பெண்பிள்ளை தன் நான்கு வயதுத் தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. தம்பிக்கு நாசி லெமாக் பொட்டலம் இல்லையென்று சொன்னால் அடுத்த வாரம் அக்காவும் வரமாட்டாள்.

தர்க்கச் சட்டகத்தில் நாம் வெறுமையாக விட நினைத்த அந்த நான்காவது பத்தியின் அனுமானம் இப்போது ரசீதில் வந்து நிற்கிறது. இனி முடிவெடுக்கலாம். 12 பேருக்கு 36 வாரம் 4 ரிங்கிட் என்றால் 1,728. எதிர்பாராச் செலவுக்கு வைத்த 1,650-ஐ இது முழுவதுமாக விழுங்கி இன்னும் 78 கேட்கும். அச்சுத்தாள் வரியில் மிச்சம் இருந்தால் அங்கிருந்து மாற்றலாம். அதற்கு மானியதாரரின் எழுத்துச் சம்மதம் முன்கூட்டியே வேண்டும். மாற்றிவிட்டுப் பிறகு சொல்லக்கூடாது. காரணத்தோடு கேட்டால் பொதுவாகத் தருவார்கள். அடுத்த ஆண்டு விண்ணப்பத்தில் “சிறு பிள்ளைகளுக்கு ஒரு மூலை, ஒரு பராமரிப்பாளர்” என்று சேர்ப்பதற்கும் இதுவே சான்று.

ரசீதுகளுக்கு மாதம் ஓர் உறை. ஒவ்வொரு ரசீதின் பின்னும் பென்சிலால் வரவு செலவு வரி எண்ணை எழுதுங்கள். வெப்ப அச்சு ரசீது சில மாதங்களிலேயே வெளுத்துப்போகலாம். அன்றே படம் எடுத்துச் சங்கக் கணக்கில் ஏற்றுங்கள்.

“அப்படியே இதையும் சேர்த்துக்கொள்ளலாமே”

பாதி வழியில் இந்த வாக்கியம் நிச்சயம் வரும். நன்கொடையாளர் ஒருவர் கணினி வகுப்பும் வேண்டும் என்பார், பக்கத்து வட்டாரத்தார் தங்களுக்கும் ஒரு மையம் கேட்பார்கள். நல்ல எண்ணம்தான். உடனே தலையாட்டாமல் அரைப் பக்கம் எழுதுங்கள்: கூடுதல் செலவு எவ்வளவு, யார் செய்வார், எந்த வேலை தாமதமாகும், பணம் யார் தருவார். பிள்ளைக்கு ஆண்டுச் செலவு 965 ரிங்கிட் என்று கையில் எண் இருப்பதால், இன்னும் 20 பிள்ளைகளுக்கு ஏறத்தாழ 19,300 என்று உடனே சொல்ல முடியும். எண்ணைக் கேட்டதும் பாதிக் கோரிக்கைகள் தாமே அடங்கும்; மீதிப் பாதி பணத்தோடு திரும்பி வரும்.

முடிப்பது

வகுப்பு முடிந்த பின் என்ன என்பதை முதல் மாதமே எழுதிவைக்க வேண்டும். மூன்று வழிதான் உண்டு. பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எடுத்து நடத்துவது, சங்கமே வேறு வருமானத்தில் தொடர்வது, நிறுத்துவது. முதல் வழி என்றால் ஏழாம் மாதத்திலிருந்தே அவர்களில் இருவர் சனிக்கிழமை வந்து உடன் நின்று பழக வேண்டும். கடைசி வாரம் சாவியைக் கொடுத்தால் வகுப்பு அடுத்த மாதமே நிற்கும். நிறுத்துவது என்றால் பெற்றோருக்கு இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கடைசி வகுப்புக்குப் பின் 30 நாளுக்குள் முடிக்க வேண்டியவை இவை. இறுதி வாசிப்புச் சோதனையின் முடிவுகள். சோதனையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் 34ஆம் வாரத்தில் நடத்துங்கள், வராத பிள்ளைகளைப் பிடிக்க இரண்டு வாரம் கிடைக்கும். கணக்கு முடிப்பு, வங்கி இருப்போடு சரிபார்ப்பு. வாங்கிய பொருட்களின் பட்டியல்: எத்தனை புத்தகம், எத்தனை மேசை, இப்போது எங்கே இருக்கின்றன. ஆசிரியர்களோடும் ஒருங்கிணைப்பாளரோடும் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எது சரிவந்தது, எது வரவில்லை, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்று பேசி இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதுதல். சரிவராததை மானியதாரருக்குப் போகும் அறிக்கையிலும் எழுதுங்கள். “28 பேர் என்று சொன்னோம், 23 பேர்தான் எட்டினார்கள், மூன்று பிள்ளைகள் வீடு மாறிப் போனார்கள், இருவருக்குக் கண் பரிசோதனை தேவைப்பட்டது” என்று காரணத்தோடு எழுதும் சங்கத்தை மானியதாரர்கள் நம்புவார்கள்.

இவையெல்லாம் ஒரு கோப்பில் போகட்டும்: ஒருபக்கச் சட்டகம், வரவு செலவும் உண்மைச் செலவும், வருகைப் பதிவு, இரண்டு சோதனை முடிவு, ஆசிரியர் பட்டியல், மண்டப ஒப்பந்தம், பாடக் குறிப்புகள், அந்த இரண்டு பக்கம். கோப்பைத் திட்டத்தில் கலந்துகொள்ளாத ஒரு செயலவை உறுப்பினரிடம் கொடுத்து, “இதை வைத்து அடுத்த ஆண்டு நீங்கள் நடத்த முடியுமா?” என்று கேளுங்கள். அவர் கேட்கும் ஒவ்வொரு சந்தேகத்துக்கும் விடையை எழுதிக் கோப்பில் சேருங்கள். பிறகு ஒருங்கிணைப்பாளரின் கடைசிச் சம்பளத்தைக் கொடுங்கள்.